ஓட்ஸ் வைத்த நாற்காலி

என் மாமா ஆரின் ஹவுகனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு கிடையாது, இடுப்புக்கு மேலே பிடிவாதம் உண்டு என்பாள் அம்மா. ஆறு வருடங்களுக்கு முன், மரம் ஏற்றிய லாரியில் சங்கிலியை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது மேல்கட்டை உருண்டு அவர் முதுகில் விழுந்தது. அன்றிலிருந்து சக்கர நாற்காலி. இப்போது எங்கள் வட்டாரச் சாலைப் பணிமனையில் ரேடியோவின் முன்னால் உட்கார்ந்து, குளிர்காலம் முழுக்கப் பனி தள்ளும் லாரிகளை அனுப்புகிறார். கணவாயில் ஓட்டிக்கொண்டிருக்கிறவன் நெடுநேரம் சத்தமில்லாமல் இருந்தால், "பேச வேணாம், ரெண்டு தட்டு தட்டு" என்பார். அவன் மைக்கின் பொத்தானை இரண்டு தடவை அழுத்துவான். டக், டக். உயிரோடு இருக்கிறான். மாமா அடுத்த லாரிக்குப் போய்விடுவார்.

மொன்டானாவில் எங்கள் பக்கம் சாலை முடிகிற இடத்துக்கு அப்பால் இருப்பதை உள்மலை என்போம். செப்டம்பர் நடுவில் உள்மலையில் எல்க் மான் வேட்டை திறக்கும். மாமா, அவருடைய அக்காவான என் அம்மா மார்லிஸ், கோவேறு கழுதைகள் வைத்திருக்கும் மாமாவின் நண்பர் எமெட், இந்த மூன்று பேரும் பதினாறு பதினேழு வயதிலிருந்து ஒரே ஓடைக்கரையில்தான் முகாம் போடுவார்கள். அந்த முகாமில் ஒரே ஒரு சட்டம் உண்டு. சுட்டவர்தான் முதல் கறிச்சுமையைச் சுமக்க வேண்டும். கழுதைகள் பக்கத்திலேயே சும்மா நின்றாலும் சரி. அம்மா ஐந்து மாதக் கர்ப்பிணியாக இருந்தபோது தான் சுட்ட எல்க்கின் முன்சப்பையை, அதாவது முன்னங்கால் தொடையை, முதுகில் போட்டுக்கொண்டு முகாமுக்கு நடந்து வந்தாள். அந்தக் கர்ப்பம் நான்தான்.

விபத்துக்குப் பிறகு அம்மாவும் எமெட்டும் இரண்டு வருடம் அவர் இல்லாமல் போனார்கள். திரும்பி வந்து அவர் பங்குக் கறியை அவருடைய ஃபிரீசரில் அடுக்கியபோது, மாமா "ரொம்ப நன்றி" என்றார். எங்கள் குடும்பத்தில் யாரும் கறிக்கு நன்றி சொல்வதில்லை, அது வெளியாள் பேச்சு. அதற்குப் பிறகு அவர்களுக்கும் போக மனம் வரவில்லை.

போன ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேசையில் மாமா ஆரம்பித்தார்.

"அக்கா, இந்த வருஷம் நான் மேல வரேன்."

அம்மா உருளைக்கிழங்குப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "ரோட்டோரமா வண்டியில இருந்தே சுடலாம்னு உனக்குத்தான் அனுமதி அட்டை குடுத்திருக்காங்களே."

"அத வெச்சுக்கிட்டு ஒரு நாள் முழுக்க உக்காந்து பாத்தாச்சு. ரெண்டு பேரு வழி கேட்டாங்க. ஒருத்தன் பஞ்சருக்கு ஜாக்கி இருக்கான்னு கேட்டான். எல்க் எதுவும் ஒண்ணும் கேக்கல."

எமெட் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

"சரி, கழுதை மேல ஏத்திக் கொண்டுபோய் விட்டுடலாம். அப்புறம்?"

"அப்புறம் ஒரே ஒரு காலை நேரம். விடியறதுக்கு முன்னாடி என்னைப் புல்வெளி ஓரத்துல விட்டுட்டு எல்லாரும் முகாமுக்குப் போயிடணும். நான் தனியா இருக்கணும்."

"சாஞ்சு விழுந்தேன்னா?"

"தரையிலதான் விழுவேன். அதுக்குக் கீழ எங்க விழப்போறேன்?"

"கரடி வந்தா?"

"அதுக்குத் தொட்டுக்க ஏதாவது குடுத்தனுப்பு."

அம்மா எழுந்து போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள். எங்கள் வீட்டில் அது விவாதம் முடியவில்லை என்பதற்கு அடையாளம். கடைசித் தட்டைக் கழுவிவிட்டுத் திரும்பிச் சொன்னாள். "ரேடியோ கையில இருக்கணும். நீ உன் டிரைவருங்கள கேக்குற மாதிரி நான் கேப்பேன். நீ ரெண்டு தட்டு தட்டணும். ஒரு தடவைதான்டா. ஏதாவது ஒண்ணு கோணலா போச்சு, அப்புறம் இந்த வீட்டுல மலைங்கிற பேச்சே வரக் கூடாது."

"சரிக்கா."

"என்ன சரி? சத்தியம் பண்ணு."

மாமா உருளைக்கிழங்கின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தார்.

அன்றிலிருந்து எங்கள் கோடை முழுக்க அந்த ஒரு காலைக்காகவே போயிற்று. உணர்வில்லாத உடம்போடு மலைக்குப் போவதில், ஏறுவது பெரிய கஷ்டமில்லை. தனக்கு என்ன ஆகிறது என்று அந்த உடம்பு சொல்லாது. அதுதான் கஷ்டம். சேணத்தில் உரசித் தோல் போனாலும் தெரியாது, பூட்ஸுக்குள் விரல் உறைந்தாலும் தெரியாது. முதல் தடவை எமெட்டின் தொழுவத்தில் சாதாரணச் சேணத்தில் ஏற்றி ஒரு சுற்று விட்டோம். இறங்கியபோது மாமா ராஜா மாதிரி இருந்தார். பிறகு அம்மா பார்த்ததில் பின்பக்கம் உள்ளங்கை அளவுக்குச் சிவந்திருந்தது. தோல் கிழிந்திருந்தால் மாதக்கணக்கில் படுக்கைதான். சிவப்பு மறையும்வரை குப்புறப் படுத்தபடியே, தலைமாட்டில் ரேடியோவை வைத்துக்கொண்டு, சாலையில் குழி அடைக்கிறவர்களை அதட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்த சேணத்தை எமெட் தானே கட்டினார். பழைய டிராக்டர் இருக்கையின் முதுகுப் பலகை, அதற்குக் கீழே மாமாவின் நாற்காலி மெத்தை, அதன் மேல் ஆட்டுத்தோல். கால்களை நிறுத்த அகலமான பட்டைகள். அந்தப் பட்டைகள் வெறும் ஒட்டுப்பட்டைகள், இழுத்தால் பிய்ந்துவிடும்.

"இறுக்கிக் கட்டினா நல்லா இருக்குமேடா" என்றார் மாமா.

"கழுதை உருண்டுச்சுன்னா நீயும் சேந்து உருளுவ. விழுறதுன்னா தனியா விழு. பிஷப்புக்கு ஏற்கெனவே ஆயிரம் கவலை."

பிஷப் என்பது கழுதையின் பெயர். எமெட்டிடம் இருப்பவற்றில் மிக நிதானமானது, சரிவில் கால் வழுக்காதது. நிறம் மட்டும் அசல் எல்க் நிறம். வேறு வேட்டைக்காரர்கள் தவறாகச் சுட்டுவிடக் கூடாதே என்று எமெட் அதன் கழுத்தில் எப்போதும் ஆரஞ்சுத் துணி கட்டியிருப்பார்.

அந்த பிஷப்புக்கு உலகத்தில் பயம் ஒன்றே ஒன்றுதான், சக்கர நாற்காலி. சக்கரத்தின் கிறீச் சத்தம் கேட்டாலே காதை மடக்கிக்கொண்டு வேலியைத் தாண்டப் பார்க்கும். நாற்காலியிலிருந்து நேராக அதன் முதுகுக்கு ஏற வேண்டும் என்பதால் இது பெரிய பிரச்சினை. எங்கள் ஊரில் எந்தக் கழுதையின் எந்தப் பிரச்சினைக்கும் ஒரே மருந்துதான். காலி நாற்காலியைத் தொழுவத்தில் விட்டு, உட்காருமிடத்தில் ஓட்ஸைக் கொட்டினோம். முதல் நாள் தூரத்தில் நின்று முறைத்தது. பிறகு கழுத்தை நீட்டிப் பொறுக்கியது. ஜூலையில் மாமா உட்கார்ந்திருக்கும்போதே அவர் மடியிலிருந்து தின்றது. ஆகஸ்டில் கிறீச் சத்தம் கேட்டால் தானே ஓடி வந்து நின்றது. எல்லோருக்கும் பெருமை. மாமா பணிமனையில் இந்தக் கதையைச் சொல்லாத ஆள் இல்லை.

வனத்துறை அலுவலகத்துக்கும் போனோம். அங்கிருந்த பெண் அதிகாரி, அந்தக் காட்டுக்குள் சக்கரம் வைத்த தள்ளுவண்டி எதுவும் கூடாது, சக்கர நாற்காலி மட்டும் போகலாம் என்றார்.

"நாற்காலியில கறி வெச்சா?" என்று எமெட் கேட்டார்.

அந்தம்மா யோசித்துவிட்டுச் சொன்னார். "ஆள் உக்காந்திருந்தா நாற்காலி. கறி மட்டும் உக்காந்திருந்தா வண்டி."

செப்டம்பரில் கிளம்பினோம். மாமா பிஷப்பின் மேல், நாற்காலி சக்கரங்கள் கழற்றப்பட்டு இன்னொரு கழுதையின் மேல். மாமாவுக்கான சிறுநீர்க் குழாய்களும் ஈரத்துணிகளும் குளிரில் விறைக்காமலிருக்க என் சட்டைக்குள். போகும் வழியில் அடிக்கடி நிறுத்தி, மாமாவின் பூட்ஸுக்குள் கையை விட்டு விரல்கள் சூடாக இருக்கின்றனவா என்று பார்ப்பது என் வேலை.

"என்ன சொல்லுது?"

"சூடாத்தான் இருக்கு மாமா. நாத்தமும் இருக்கு."

"நாத்தம் இருந்தா உயிர் இருக்குன்னு அர்த்தம்."

ஓடைக்கரை அப்படியே இருந்தது. மாமா தான் பழைய வருடங்களில் வெட்டிய கூடாரக் கம்புகள் மரத்தில் சாய்ந்திருப்பதைப் பார்த்து, அவற்றை ஒவ்வொன்றாக எண்ணினார். பிறகு அதில் ஒன்று கோணல் என்று எமெட்டோடு சண்டை போட்டார்.

மறுநாள் விடியலுக்கு முன் எமெட் நாற்காலியைக் கயிறு போட்டு இழுத்துப் போய், ஓடை வளைவைத் தாண்டி, புல்வெளி ஓரத்தில் ஒரு ஸ்ப்ரூஸ் மரத்தடியில் மாமாவை விட்டுவிட்டு வந்தார். மடியில் துப்பாக்கி, வாயில் பெண் எல்க்கைப் போலக் கூப்பிடும் சின்ன ஊதல், கையில் ரேடியோ. அம்மா முகாம் அடுப்பருகில் இன்னொரு ரேடியோவோடு உட்கார்ந்தாள்.

"தம்பி?"

டக், டக்.

காபி கொதித்தது. வெளிச்சம் வந்தது. அம்மா மறுபடி கேட்டாள். டக், டக். தூரத்தில் ஓர் ஆண் எல்க் கூவியது. துருப்பிடித்த கேட்டைத் திறப்பது போன்ற கூவல். எமெட் காபிக் கோப்பையைப் பாதியில் நிறுத்தினார். இன்னொரு கூவல், இன்னும் பக்கத்தில்.

"தம்பி?"

பதில் இல்லை.

"தம்பி, தட்டு."

இல்லை. அப்போதுதான் நான் கழுதைகள் கட்டியிருந்த கயிற்றைப் பார்த்தேன். பிஷப் இருந்த இடத்தில் பிஷப் இல்லை.

அம்மா எழுந்துவிட்டாள். எமெட் அவள் கையைப் பிடித்தார். "மார்லிஸ், உக்காரு."

"விடு. கழுதை அவனைத் தள்ளிவிட்டிருக்கும். அவன் மூஞ்சி குப்புறக் கிடக்கிறானோ என்னவோ."

"இருக்கலாம். இல்லாட்டி எல்க் முன்னாடி நிக்குது, அவனால தட்ட முடியல. இப்ப நீ போனா அவன் வேட்டையைக் கெடுத்துடுவ. அப்புறம் அவன் ஆயுசுக்கும் நமக்கு நன்றி சொல்லிக்கிட்டிருப்பான்."

அம்மா வளைவைப் பார்த்தாள். ரேடியோவைப் பார்த்தாள். அவள் ஓடியிருந்தால் யாரும் குற்றம் சொல்லியிருக்க முடியாது. ஆனால் அவள் மெதுவாக மரக்கட்டையில் உட்கார்ந்து, ரேடியோவை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

ஒரே ஒரு வெடி. மலை அதைத் திருப்பித் திருப்பிச் சொன்னது.

அடுத்து வந்தது பிஷப். காதுகள் பின்னால் ஒட்டியிருக்க, ஆரஞ்சுத் துணி பறக்க, வளைவிலிருந்து பாய்ந்து வந்து மற்றக் கழுதைகளுக்கு நடுவே புகுந்து ஒளிந்துகொண்டது. அம்மா "ஐயோ" என்று எழுந்தபோது அவள் கையில் இருந்த ரேடியோ பேசியது.

டக், டக்.

அம்மா ரேடியோவை முத்தமிட்டாள். பிறகு அதற்குள், "ஏன்டா தட்டல, எருமை?" என்று கத்தினாள்.

"எப்பிடிக்கா தட்டுறது?" என்றது மாமாவின் குரல். "அவன் என்னைப் பாத்துக்கிட்டிருந்தான்."

நடந்ததை அவரே சொன்னார். ஆண் எல்க் மரங்களுக்குள் கூவிக்கொண்டே நின்றதாம், வெளியே வரவில்லையாம். அந்த நேரம் பின்னாலிருந்து சூடாக ஒரு மூச்சு. பிஷப்! நாற்காலி இழுபட்ட கிறீச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, கயிற்றை எப்படியோ அவிழ்த்துக்கொண்டு ஓட்ஸ் தேடி வந்திருக்கிறது. மாமா "போ, போ" என்று உதட்டால் திட்டியும், அது அவர் மடியை மோந்துகொண்டு பக்கத்திலேயே நின்றிருக்கிறது.

"எல்லாம் போச்சுன்னு நெனச்சேன். பாத்தா, அவன் மரத்த விட்டு வெளிய வர்றான். பொண்ணு கூப்பிட்ட குரல் கேட்டுச்சு, பழுப்பு நிறத்துல பெருசா ஒண்ணு நிக்குது. கழுத்த நீட்டிக்கிட்டு நடந்து வந்தான்."

எமெட் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "பிஷப்பைப் பொண்ணு பாக்க வந்திருக்கான்டா!"

"காது கொஞ்சம் நீளமா இருக்கேன்னுதான் கடைசியில நின்னு யோசிச்சான். அதுதான் எனக்குக் கெடச்ச நேரம்."

எல்க் விழுந்த இடத்திலேயே கிடந்தது. மாமாவை ஆட்டுத்தோலின் மேல் தரையில் இறக்கினோம். கத்தியை எடுத்து முதல் கீறலை அவரே போட்டார். நாங்கள் மூவரும் காலையும் தோலையும் பிடித்தோம். ஒரு முன்சப்பை தனியாக வந்ததும் அம்மா அதைத் துணிப்பையில் போட்டு, பேசாமல் தன் முதுகில் ஏற்றப் பார்த்தாள்.

"அக்கா, அத கீழ வை."

"வேணாம்டா. இன்னைக்கு யாரும் அந்தச் சட்டமெல்லாம் பாக்கல."

"ஐஞ்சு மாசக் கர்ப்பத்துல உனக்கு யாராவது விட்டுக்குடுத்தாங்களா?"

அம்மா என்னைப் பார்த்தாள், ஏதோ நான்தான் சாட்சி என்பதுபோல. பிறகு அவரை நாற்காலியில் ஏற்றி, மடியில் ஆட்டுத்தோலை மடித்துப் போட்டு, அதன் மேல் சப்பையை வைத்தாள். மாமா சக்கரங்களைத் தள்ளினார். புல்லில் நகர்ந்தது. வளைவுக்கு முன்னால் சேற்றில் மாட்டியது. எமெட் உதவிக்கு வந்தபோது மாமா பார்த்த பார்வையில் அவர் அப்படியே திரும்பி, வானிலையைக் கவனிக்கப் போய்விட்டார். மாமா ஒரு சக்கரத்தைப் பின்னால் விட்டு, மறு சக்கரத்தை முன்னால் தள்ளி, கழுத்து நரம்பு புடைக்க, கெட்ட வார்த்தைகளாலேயே அதை வெளியே எடுத்தார்.

கிறீச் சத்தம் கேட்டதும் பிஷப் கழுதைக் கூட்டத்திலிருந்து தலையை நீட்டியது. பயம் போயிற்றா, பசி ஜெயித்ததா தெரியாது. வந்து நாற்காலியின் பின்னாலேயே நடந்தது. அவ்வப்போது மாமாவின் தோளுக்கு மேல் கழுத்தை நீட்டி, கறியை மோந்து பார்த்து, ஏமாந்து தும்மியது.

"பாருங்க, இப்ப இது நாற்காலியா வண்டியா?" என்றார் எமெட்.

"ஆள் உக்காந்திருக்கேன்டா, கண்ணு தெரியல?"

அம்மா எங்களுக்குப் பின்னால் ரேடியோவை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள். பாதி வழியில், யாரிடமும் இல்லாமல் காற்றிடம் சொல்வதுபோலச் சொன்னாள். "அடுத்த வருஷம் அந்தச் சனியனை ரெட்டை முடிச்சுப் போட்டுக் கட்டணும்."

மாமா சக்கரத்தை நிறுத்தினார். "அடுத்த வருஷமா?"

"வாய மூடிட்டுத் தள்ளு."

மாமா தள்ளினார்.