நாலாம் துண்டு வரவில்லை

என் சகலை, அதாவது என் மனைவியின் தங்கை புருஷன், இன்டர்நெட் கம்பெனியில் இன்ஜினியர். அனுப்புகிற எதையும் துண்டு துண்டாக நறுக்கி, எண் போட்டு, கிடைத்த வழியில் எல்லாம் அனுப்ப வேண்டுமாம். போய்ச் சேர்ந்த இடத்தில் வரிசையாக அடுக்கிக்கொள்வார்களாம். 'கிடைத்தது' என்று பதில் வராத துண்டை மட்டும் திரும்ப அனுப்புவார்களாம். நெட்வொர்க் அப்படி ஓடட்டும், யார் வேண்டாம் என்றது? மனுஷனும் அப்படியே ஓடினால்?

வீட்டில் அவரிடம் யாராவது பேச வந்தால் முதலில் "கேக்குதா?" என்று கேட்க வேண்டும். அவர் "கேக்குது, உனக்குக் கேக்குதா?" என்பார். "கேக்குது" என்ற பிறகுதான் விஷயம். பன்னிரண்டு வருஷம் என் மச்சினி இந்தக் கூத்தைப் பொறுத்துக்கொண்டாள். போன மாதம் வெளியூரில் வேலை கிடைத்த சந்தோஷத்தில் மூச்சிரைக்க ஓடிவந்து நேராக விஷயத்தையே சொல்லிவிட்டாள். "முதல்ல கேக்குதான்னு கேளு" என்றார் அந்தப் புண்ணியவான். பெட்டியைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். திங்கட்கிழமை வேலையில் சேரப்போவதாகவும், அதோடு அவருக்கும் தனக்கும் ஒன்றுமில்லை என்றும் சொன்னாள்.

சகலையிடமிருந்து மன்னிப்புக் கடிதம் ஆறு துண்டுகளாக வர ஆரம்பித்தது. முதலில் வந்தது ஐந்தாம் துண்டு, தபாலில்: 'இனிமேல் சத்தியமாகச் செய்யமாட்டேன்.' இரண்டு, தையற்காரர் கொடுத்த பையில். ஆறாவதை, நான் வாயைப் பிளந்து படுத்திருந்தபோது பல் டாக்டர் என் சட்டைப்பையில் செருகினார். நடுவே என் போனில் 'நாலு கிடைத்ததா? நாலு கிடைத்ததா?' என்று ஓயாத நச்சரிப்பு. தாங்கமுடியாமல், எதையும் பார்க்காமலே 'எல்லாம் கிடைத்தது' என்று தட்டிவிட்டேன்.

மச்சினி சாப்பாட்டு மேசையில் வரிசையாக அடுக்கினாள். மூன்றில், 'அன்றைக்கு நீ ஓடிவந்து சொன்னபோது நான்' என்று இருந்தது. அடுத்து ஐந்து.

"நான்னா? என்ன பண்ணினாராம்? அதைத்தானே காணோம்!" என்று அழுதாள். நான் மெதுவாகப் போனை எடுத்துச் சட்டைப்பைக்குள் தள்ளினேன்.

ஞாயிற்றுக்கிழமை சகலையை வரவழைத்து, நாலாம் துண்டின் நகலைக் கேட்டேன்.

"கிடைச்சுதுன்னு நீங்கதானே அண்ணே சொன்னீங்க? உடனே கிழிச்சுப் போட்டுட்டேன். அதானே முறை?"

"சரி, வாயால சொல்லுங்க," என்றாள் மச்சினி.

சகலை மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ சொன்னது முதல் தடவையே கேட்டுச்சு. நீ போயிட்டா தனியா இருக்கணுமேன்னு பயந்துட்டேன். அதான் முறை கிறைன்னு சாக்கு சொன்னேன்."



"இன்னொரு தடவை சொல்லுங்க," என்றாள் அவள்.

சொன்னார். இந்த முறை அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.