பத்துப் பத்தாக ஏறும் எடை

என் வீட்டுக்காரரை நான் வீட்டிலும் பார்க்க வேண்டும், வேலையிலும் பார்க்க வேண்டும். இப்படி ஒரு வரம் எத்தனை பெண்களுக்குக் கிடைக்கும் என்று தெரியவில்லை. பழைய இரும்புக் கிடங்கின் வாசலில் லாரிகளை எடை போடுகிற மேடை இருக்கிறது. அதை ஒட்டிய கண்ணாடிக் கூண்டுக்குள் நாங்கள் இரண்டு பேரும் பன்னிரண்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறோம். லாரி மேடையில் ஏறி நின்றதும் அவர் எடையைப் பார்த்துச் சொல்வார், நான் சீட்டு எழுதுவேன். சொன்ன எடையைத் திருப்பிக் கேட்டால் மட்டும் மனுஷனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

முன்பெல்லாம் ஒரு லாரி போய் அடுத்த லாரி வருவதற்குள் வெளியே போய் ஒரு சிகரெட் பிடித்துவிட்டு வருவார். ஒரு நாளைக்கு எத்தனை என்று கேட்டால் வாயே திறக்க மாட்டார். நான் கத்தியும் பார்த்தேன், அழுதும் பார்த்தேன். கடைசியில் அவரை மாற்றியது நான் இல்லை. போன வருஷம் அவருடைய அண்ணன் நுரையீரல் கெட்டு இறந்தார். சாவதற்கு முன் ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்ல முடியாமல் நாலு மாதம் படுக்கையில் கிடந்தார். அவரும் சிகரெட் விஷயத்தில் தம்பிக்குச் சளைத்தவர் இல்லை. எல்லாம் முடிந்த மறுவாரம் இவர் தானாகவே ஆஸ்பத்திரிக்குப் போய், "விடணும்" என்றார்.

அங்கே இருந்த நர்ஸ் நல்ல பொம்பளை. "சிகரெட்ட விட்டா நாக்கு இனிப்பத் தேடும். மூணு நாலு கிலோ கூட ஏறலாம். அதுக்குப் பயந்து திரும்பப் பிடிச்சிடாதீங்க" என்று சொல்லிவிட்டு எடை பார்த்தார். எழுபத்து மூன்று.

"நான் எழுபதும்மா. செருப்போட நின்னுட்டேன்" என்றார் இவர்.

"மூணு கிலோவுக்குச் செருப்பா போட்டிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு நர்ஸ் எழுபத்து மூன்று என்றே எழுதிக்கொண்டார்.

இவருக்கு அதில் ஒரு ரோஷம். இவர் குடும்பத்து ஆண்கள் எல்லோருக்கும் நாற்பது தாண்டினால் வயிறு முன்னால் வந்துவிடும். இவர் ஒருத்தர்தான் ஒல்லி. "பத்து வருஷமா எழுபது. ஒரு கிராம் ஏறினதில்ல" என்று உறவுக்காரர்களிடம் சொல்லிக்கொண்டு திரிவார். எங்கே நின்று எடை பார்த்தார் என்று நானும் கேட்டதில்லை.

சிகரெட் போன இடத்தில் இனிப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. முதலில் புதினா மிட்டாய். அப்புறம் சாக்லேட். சீட்டுப் புத்தகங்கள் வைக்கும் பெட்டியில் புத்தகங்களை எடுத்து வெளியே போட்டுவிட்டு பிஸ்கட் அடுக்கியிருந்தார். டீயில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை நாலாயிற்று. ஒரு நாள் காலையில் சமையலறையில் சர்க்கரை டப்பாவில் ஸ்பூனை விட்டு நேராக வாய்க்குக் கொண்டுபோனபோது மகள் கையும் களவுமாகப் பிடித்துவிட்டாள். "அப்பா, எறும்பு கூட கொஞ்சம் கூச்சப்படும்ப்பா" என்றாள்.

எனக்கும் வாய் சும்மா இருக்காது. மேடை ஓரமாக நின்று லாரிக்குக் கை காட்டிக்கொண்டிருந்தவரைப் பார்த்து, "என்னங்க, தள்ளி நில்லுங்க. லாரியோட சேத்து உங்களையும் எடை போட்டுடப் போறேன்" என்றேன். வாசலில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் அன்று வீட்டில் கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் நின்று, வயிற்றை எக்கி எக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். பெல்ட்டில் ஒரு ஓட்டை தள்ளிப் போயிருந்தது. பார்த்தும் பார்க்காதது போல நான் துணி மடித்தேன்.

மூன்று மாதம் இப்படிப் போனது. ஒரு நாள் மகளின் கல்லூரியில் வரச் சொன்னதால் நான் அரை நாள் லீவு போட்டேன். சாயங்காலம் அவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். தட்டு வைத்தேன், தள்ளி வைத்தார்.

"எடை பாத்தேன். எம்பது. பத்து கிலோ ஏறிட்டேன்" என்றார். "சிகரெட்டே தேவல போலிருக்கு. அப்பவாவது பாக்க மனுஷனா இருந்தேன்."

பத்து கிலோ என்பது கொஞ்சம் அதிகம்தான் என்று தோன்றியது. ஆனால் அவர் தின்ற பிஸ்கட்டை நினைத்தால் நம்பாமலும் இருக்க முடியவில்லை. ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாய் வரை வந்தது. இத்தனை நாள் கிண்டல் பண்ணிய வாயால் எதைச் சொல்வது என்று தெரியவில்லை.

மறுநாள் கூண்டில் உட்கார்ந்திருக்கும்போது அவர் சட்டைப் பையைப் பார்த்தேன். உள்ளே வெள்ளையாக ஒரே ஒரு சிகரெட்.

"பத்த வைக்கல" என்றார், நான் கேட்பதற்கு முன்னாலேயே. "சும்மா இருக்கட்டும்னு வாங்கினேன்."

"சும்மா இருக்க அது என்ன பேனாவா?" என்று கேட்டேன். அண்ணன் படுத்திருந்த கட்டில்தான் கண் முன்னால் வந்து நின்றது. "இனிமே நான் ஒரு வார்த்தை கிண்டல் பண்ண மாட்டேங்க. நீங்க எவ்வளவு குண்டானாலும் பரவால்ல. அதத் தூக்கிப் போட்டுடுங்க" என்றேன். அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து மேடையில் ஒரு லாரி ஏறியது. ஓட்டி வந்தவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'பத்துகிலோ'. எப்போது வந்தாலும் பத்து கிலோவுக்குச் சண்டை போடாமல் போக மாட்டார். அன்றும் ஜன்னலில் முகத்தை வைத்து, "அண்ணே, இதே வெறும் வண்டி போன தடவை பத்து கிலோ கம்மியா இருந்துச்சு. இன்னைக்கு மட்டும் எப்படி ஏறும்?" என்று ஆரம்பித்தார். எங்கள் வீட்டுக்காரர் இருந்த கோபத்தையெல்லாம் சேர்த்து வைத்துக் கத்தினார். "எத்தனை தடவைய்யா சொல்றது? இது லாரி போடற மேடை. நகைக்கடைத் தராசு இல்ல. பத்துப் பத்தாத்தான் காட்டும். அஞ்சு கிலோ முன்ன பின்ன இருந்தா ஒரேயடியா பத்து தாவும்!"

பத்துகிலோ அசரவில்லை. "அப்ப நேத்து நீங்க மேடையில ஏறி நின்னு, வெளிய இருக்கிற எடை போர்டுல எம்பதுன்னு வந்ததும் தலைல கைய வச்சுக்கிட்டீங்களே? நான் பின்னால வண்டில வரிசையில நின்னு பாத்துட்டுதான் இருந்தேன். உங்களுக்கு மட்டும் அது நகைக்கடைத் தராசாண்ணே?"

நான் பேனாவைக் கீழே வைத்தேன். "என்னங்க, நீங்க எடை பாத்தது இதுலயா?"

அவர் மெதுவாகத் தலையாட்டினார். எழுபத்து நாலு கிலோ ஆள் ஏறினால் அந்த மேடை எழுபது என்று காட்டும். எழுபத்தாறு கிலோ ஆள் ஏறினால் எண்பது என்று காட்டும். இதை ஆயிரம் டிரைவர்களுக்குத் தொண்டை வறள விளக்கிய மனுஷன், தன் எடை என்று வந்ததும் போர்டைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பியிருக்கிறார். பத்து வருஷமாக ஏறாத எழுபதும் இந்த மேடை சொன்ன எழுபதுதான். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு நிமிஷத்துக்கு முன்னால் கொடுத்த வாக்கை நினைத்து அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. பத்துகிலோ சீட்டை வாங்கிக்கொண்டு, முதல் தடவையாகச் சண்டையில் ஜெயித்த சந்தோஷத்தில் ஹாரன் அடித்தபடியே போனார்.

மதிய இடைவேளையில் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருமுனை மருந்துக்கடைக்குப் போனேன். அங்கே இருந்த எடை மெஷினில் ஏறினார். எழுபத்தாறு. இறங்கிச் செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி ஏறினார். அப்போதும் எழுபத்தாறு. நர்ஸ் எழுதியதிலிருந்து கணக்குப் பார்த்தால் மூன்று மாதத்தில் மூன்று கிலோ. அந்தம்மா சொன்னது சொன்னபடி நடந்திருக்கிறது, நாங்கள்தான் மறந்துவிட்டோம். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவர் பையிலிருந்த சிகரெட்டை எடுத்து இரண்டாக ஒடித்துக் கடை வாசல் குப்பைத் தொட்டியில் போட்டார்.

அதற்காக மறுநாளே எல்லாம் சரியாகிவிடவில்லை. இனிப்பை மொத்தமாக நிறுத்தினால் மனுஷன் என் மேல் எரிந்து விழுகிறார் என்று தெரிந்ததால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு சாக்லேட் என்று பேசி முடித்தோம். கை பரபரக்கிற நேரத்துக்குக் கேரட்டும் வெள்ளரியும் நறுக்கி டப்பாவில் வைக்கிறேன். "என்னைய முயல்னு நெனச்சியா?" என்று கேட்டுக்கொண்டே தின்கிறார். டீயில் சர்க்கரை இரண்டு ஸ்பூனுக்குத் திரும்பிவிட்டது. சில நாள் பிஸ்கட் ஜெயிக்கும், சில நாள் இவர் ஜெயிப்பார். ஏறிய மூன்று கிலோ இன்னும் இறங்கவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும்.

போன வாரம் எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கெட்டுவிட்டது. வீடு நாலாவது மாடி. அவர் அரிசி மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் ஏறினார். நான் காய்கறிப் பையோடு பின்னால் போனேன். முன்பெல்லாம் லிஃப்ட் கெட்டால் இரண்டாவது மாடியில் நிற்பார், கம்பியைப் பிடித்துக்கொண்டு இருமுவார் என்று நானும் நின்றேன். அவருடைய செருப்புச் சத்தம் நிற்கவே இல்லை. மூன்றாவது மாடி தாண்டி, நாலாவதில் கதவு திறந்து, மூட்டையை இறக்கி வைக்கிற சத்தமும் கேட்டது. ஒரு இருமல் கூட இல்லை. நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகை தானாக வந்தது, சந்தோஷத்தில்தான்.

என்னைக் காணோம் என்று அவர் இறங்கி வந்தார்.

"என்னடி, மூச்சு வாங்குதா?"

"ஆமா" என்றேன்.

என் கையிலிருந்த பையையும் வாங்கிக்கொண்டு அவர் மறுபடியும் மேலே ஏறினார்.