குளிர்பெட்டி நின்றதாகச் சொன்னார்கள்

சாவு வீடுகளுக்குக் குளிர்பெட்டி வாடகைக்கு விடுகிறவனை எந்த வாசலிலும் யாரும் "வாங்க" என்று கூப்பிடுவதில்லை. வேலை முடிந்து கிளம்பும்போது "போயிட்டு வாரேன்" என்று அவனும் சொல்லக்கூடாது.

பிறகு வருகிற கோபம்

கடை நடத்திப் பாவத்தைச் சம்பாதிக்கிற சகோதரர்களே, உங்கள் கடையில் வாங்கின சாமான் கெட்டுப்போனால் வாடிக்கையாளர் மறுநாளே தூக்கிக்கொண்டு வந்து சண்டை போடுவார். உங்களுக்கு அந்தக் கொடுப்பினை இருக்கிறது. என்னுடைய வாடிக்கையாளர்கள் அந்த நேரத்தில் அழுதுகொண்டிருப்பார்கள். காரியமெல்லாம் முடிந்து, சொந்தக்காரர்கள் ஊர் போய்ச் சேர்ந்து, வீடு வெறிச்சென்று ஆன பிறகு, யார்மேலாவது கோபப்பட்டே ஆகவேண்டும் என்று தோன்றும். அப்போதுதான் என் ஞாபகம் வரும்.

தல்லாகுளத்தில் ஒரு வீட்டில் யாரோ பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அதில் செல்போனைச் சார்ஜ் போட்டுவிட்டார்கள். நல்லவேளையாக நான் அந்தப் பக்கம் போனவன் பார்த்துச் சரிசெய்தேன். சில மாதம் கழித்து அந்த வீட்டு மாப்பிள்ளை கடைக்கு வந்து நஷ்டஈடு கேட்டார். பிளக்கைப் பிடுங்கியது உங்கள் வீட்டு ஆள்தானே என்றேன். அவர் அசரவில்லை.

"சாவு வீட்டுக்கு நூறு பேரு வருவாக, எல்லார் கையிலயும் போன் இருக்கும்னு தெரியும்ல? பெட்டியிலயே ரெண்டு பிளக் பாயிண்டு வச்சிருக்கணும்ல?"

மரத்துப்போன விரல்

அதைச் சிரித்து மறந்துவிட்டேன். இது அப்படி மறக்கிற விஷயமில்லை. செல்லூரில் ஒரு அம்மாள் இறந்து ஒன்றரை வருஷம் கழித்து எனக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தது. அனுப்பியவர் அவருடைய மகள் ஜெயந்தி, கல்யாணமாகிக் கத்தாரில் இருக்கிறவர். சனிக்கிழமை காலையில் தான் வந்து இறங்கும்வரை அம்மாவை வைத்திருப்பதாக அண்ணன் முருகேசன் சொல்லியிருந்தாராம். வெள்ளிக்கிழமை சாயங்காலமே என் பெட்டி நின்றுபோனதாம். உடம்பு தாங்காது என்று தத்தனேரிச் சுடுகாட்டுக்கு எடுத்துப் போய்விட்டார்களாம். தாயின் முகத்தைக் கடைசியாக ஒரு தடவை பார்க்க முடியாமல் போனதற்கு நஷ்டஈடு வேண்டும் என்று எழுதியிருந்தது. அந்த வரியைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை.

வேன் ஓட்டுகிற என் மச்சினன் பாண்டியிடம் காட்டினேன். அன்றைக்கு அந்த வீட்டிலிருந்து பெட்டியை எடுத்து வந்தது நாங்கள் இரண்டு பேரும்தான். சனிக்கிழமை வரை வேண்டும் என்று சொல்லிக் கேட்ட முருகேசன், வெள்ளிக்கிழமை சாயங்காலமே வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று போன் பண்ணினார். நாங்கள் போனபோது பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. அதை அணைக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. அங்கிருந்து நேரே நாகமலை புதுக்கோட்டையில் இன்னொரு வீட்டுக்குக் கொண்டுபோனோம். அங்கேயும் ஞாயிற்றுக்கிழமை வரை ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. பாண்டிக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"உள்ள இருந்த தட்டத் தூக்குனப்ப எனக்கு விரலெல்லாம் மரத்துப் போச்சு மாமா. நின்ன பெட்டியா அது?"

சுலபமான வழக்கு

தல்லாகுளத்தில் தெரிந்த வக்கீல் ஒருவர் இருக்கிறார். அவருடைய அப்பாவுக்கும் என் பெட்டிதான் போயிற்று. ஒன்றரை வருஷம் கழித்துக் கேட்டால் செல்லுமா என்று கேட்டேன். தாமதம்தான், ஆனாலும் கேட்கலாம் என்றார். இதை இப்படியே விட்டால் ஆம்புலன்ஸ் டிரைவர்கள் காதுக்குப் போகும், அவர்கள் சொல்லித்தான் எனக்குப் பிழைப்பே நடக்கிறது என்று புலம்பினேன். அவர் டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டுச் சிரித்தார். நான் கலங்கிப்போய் உட்கார்ந்திருக்கிறேன், அவருக்கு அது அல்வாவாக இனித்தது.

"பயப்படாதீங்கண்ணே. அந்த அண்ணன்காரரக் கூண்டுல ஏத்தி, தங்கச்சிக்கு முன்னாடி நாலு கேள்வி கேட்டேன்னா, உங்க பெட்டி ஜெயிச்சிரும்."

கோழிக்குஞ்சு

கூண்டில் ஏற்றுவதற்கு முன்னால் ஆளைப் பார்த்துவிடலாம் என்று செல்லூருக்குப் போனேன். சட்டையைப் பிடித்துக் கேட்க வேண்டும் என்றுதான் போனேன். முருகேசன் என்னைப் பார்த்ததும் தறியை நிறுத்திவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். நான் கேட்கும் முன்பே அவர் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

சனிக்கிழமை எடுக்கிற சாவு துணைக்கு இன்னொரு உயிரைக் கூட்டிக்கொண்டு போகும் என்று எங்கள் பக்கம் ஒரு பயம் உண்டு. பாடையில் ஒரு கோழிக்குஞ்சைக் கட்டி அனுப்பிவிட்டால் அது கழிந்துவிடும் என்று பரிகாரமும் உண்டு. முருகேசன் குஞ்சு வாங்கக்கூட ஆளை அனுப்பிவிட்டார். ஆனால் அப்போது அவர் மனைவி மாசமாக இருந்திருக்கிறார். மாமனார் வெள்ளிக்கிழமையே எடுத்தாக வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றுவிட்டார். ஏர்போர்ட்டில் நின்றுகொண்டிருந்த தங்கையிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், பெட்டி நின்றுபோச்சு என்று சொல்லிவிட்டார். பிறந்தது பெண். அம்மாவின் பேரைத்தான் வைத்திருக்கிறார்கள். அடுத்த வாரம் காதுகுத்து. தங்கை லீவில் ஊருக்கு வந்திருக்கிறாள், ஆனால் வீட்டுப் படியேறவில்லை என்றார். உள்ளே குழந்தை எதையோ தட்டி விளையாடுகிற சத்தம் கேட்டது. எனக்கு வந்த கோபமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"ஒரு கோழிக்குஞ்ச நம்பி எம்மகளையும் வயித்துப் பிள்ளையையும் வைக்கச் சொல்லுறியான்னு மாமனார் கேட்டாருண்ணே. நான் என்னத்தச் சொல்ல?"

ஒரே ஒரு கேள்வி

இரண்டு நாள் கழித்து ஜெயந்தியே கடைக்கு வந்துவிட்டார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். அவர் சுவரோரம் நின்ற பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அம்மாவை வைத்தது எது என்று கேட்டார். காட்டினேன். கண்ணாடிமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நஷ்டஈடெல்லாம் அப்புறம் பேசிக்கிருவோம். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அன்னைக்கு இந்தப் பெட்டி நின்னுச்சா, நிக்கலையா?" என்றார். வாசலில் வேன் கழுவிக்கொண்டிருந்த பாண்டி குழாயை மூடிவிட்டு என்னையே பார்த்தான். ஓடியது என்று சொன்னால் என் தொழில் பிழைக்கும். அந்தப் பெண்ணுக்கு அம்மா மாதிரியே அண்ணனும் இல்லாமல் போவார். அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அம்மாவின் முகம் பார்க்காமல் போனதற்கு இதுதானே காரணம் என்று தோன்றும். அதையும் நான் கொடுக்க வேண்டுமா? "நின்னுருச்சு தாயி. கம்ப்ரசர் போயிருச்சு. உங்க அண்ணன் எம்புட்டோ போராடிப் பாத்தாரு, எங்களாலதான் வேற பெட்டி கொண்டார முடியல" என்றேன்.

அவர் பெட்டிமேல் சாய்ந்து அழுதார். பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் நான் தெருவைப் பார்த்தேன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, வழக்கு வேண்டாம் என்று வக்கீலிடம் சொல்லிவிடுவதாகச் சொன்னார்.

"அண்ணன்தான் பொய் சொல்லுதோன்னு இம்புட்டு நாளும் மனசு அறுத்துக்கிட்டே இருந்துச்சு. பெட்டிதான்னா சரிண்ணே. நான் காதுகுத்துக்குப் போறேன்."

கழுவி வைத்த பெட்டி

இனி எவன் நம்மளக் கூப்பிடுவான் என்று அன்று சாயங்காலம் வரை பாண்டி என்னைத் திட்டித் தீர்த்தான். அவன் பயந்தது மாதிரியே ஆயிற்று. காதுகுத்து விருந்திலேயே ஜெயந்தி நாலு பேரிடம் சொல்லியிருக்கிறார். வேண்டுமென்று சொல்லியிருக்க மாட்டார், அண்ணன்மேல் தப்பில்லை என்று எல்லாருக்கும் தெரியட்டும் என்றுதான் சொல்லியிருப்பார். ஆம்புலன்ஸ் டிரைவர்கள் ஒவ்வொருவராகக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். ஒருவர் மட்டும், பெட்டியெல்லாம் மாத்திட்டீங்களாண்ணே என்று விசாரித்தார்.

காதுகுத்து முடிந்து பத்து நாளில் முருகேசனின் மாமனார் மாரடைப்பில் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். பாண்டி ஒரு பெட்டியைக் கழுவி, ஓட்டிப் பார்த்து, வேனில் ஏற்றி வைத்தான். முருகேசன் நிச்சயம் நம்மைத்தான் கூப்பிடுவார் என்று இரண்டு பேருக்குமே ஒரு நினைப்பு. கூப்பிடவும் செய்தார். சுற்றிலும் அழுகைச் சத்தம் கேட்டது. அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டு பேசுகிற மாதிரி மெதுவாகத்தான் பேசினார்.

"தப்பா நினைச்சுக்கிறாதீங்கண்ணே, வேற கடையில சொல்லிட்டோம். ரெண்டு நாளு வைக்கணும், உங்க பெட்டி மட்டும் வேணாம்னு தங்கச்சி அழுகுது."

இத்தனை வருஷத்தில் என் பெட்டி ஒரே ஒரு தடவைதான் நின்றிருக்கிறது, அதுவும் நன்றாக ஓடிக்கொண்டிருந்த அன்றைக்கு.