நாளைக்கு வாங்க

நேற்று மத்தியானம் மகளோடு பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக்குப் போயிருந்தேன். தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வேலைக்கு வந்தவர் போலிருந்தது, முப்பது வயதிருக்கும் ஒருவர், வாளியோடு குனிந்து, "அம்மா, ரசம் ஊத்தவா?" என்றார். தலையை ஆட்டினேனே தவிர, மனம் அந்த அம்மா என்ற சொல்லிலேயே நின்றுவிட்டது. இதே தெருவில் என்னைச் சின்னவர் பெரியவர் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். தலைக்குச் சாயம் அடிப்பதை நிறுத்தினேன், உடனே பதவி உயர்வு வந்துவிட்டது. இன்று ரசத்தோடு இலவசமாகக் கிடைக்கிற இந்தச் சொல்லுக்காக நான் ஒரு காலத்தில் பிஸ்கட் லஞ்சம் கொடுத்துக் காத்துக் கிடந்தேன் என்றால் நீங்கள் நம்ப வேண்டும்.

அப்போது இந்தச் சாப்பாட்டுக் கடைக்கு நாலு கடை தள்ளி எனக்குத் தையல் கடை. மாடியில் வீடு. ரவிக்கை தைப்பதில் எனக்குக் கொஞ்சம் பெயர் உண்டு. சொன்ன நாளில் கொடுக்காததில் அதைவிடப் பெரிய பெயர். தையல்காரிக்கு ஊசி நூல் அப்புறம்தான், முதலில் வேண்டியது "நாளைக்கு வாங்க" என்ற வாக்கியம். தீபாவளி நெருங்க நெருங்க அதைப் பரிதாபமாகவும் சொல்லத் தெரிய வேண்டும், கோபமாகவும் சொல்லத் தெரிய வேண்டும். இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு சொன்னால் பாதிப் பேர் மறுபேச்சுப் பேசாமல் போய்விடுவார்கள்.

புதுத் துணியும் மெஷின் எண்ணெயும் கலந்த அந்த வாடைக்குள்தான் என் மகள் வந்து சேர்ந்தாள். பல வருடம் டாக்டர் வீடும் கோயிலுமாக அலைந்து ஓய்ந்த பிறகு, எட்டு மாதக் குழந்தையாக, மஞ்சள் துண்டு ஒன்றில் சுற்றி எங்கள் கையில் கொடுத்தார்கள். கொடுத்தார்கள் என்று சொன்னேனே ஒழிய, கோர்ட்டில் உத்தரவு கிடைக்க வேண்டும். அதற்கு முன்னால் நலத்துறை அதிகாரி வீட்டுக்கு வந்து பார்ப்பார், குழந்தை எங்களோடு ஒட்டியிருக்கிறதா என்று எழுதுவார். அதுவரை அவள் எங்கள் பிள்ளை, ஆனால் இன்னும் இல்லை. அந்தப் பயத்தில்தான் எனக்கு ஒவ்வொரு நாளும் விடிந்தது.

அவள் பேசிய முதல் சொல் லோரி. என் வீட்டுக்காரர் துறைமுகத்துக்கும் மேரு என்ற ஊருக்குமாக லோரி ஓட்டினார், அதனால் அதில் தப்பில்லை. இரண்டாவது சொல் பாஸ். அவருக்கு வருகிற போனெல்லாம் "பாஸ், எங்க இருக்கீங்க?" என்றுதான் அலறும். குழந்தையும் அவர் படியேறும்போதே "பாஸ்" என்று கையைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள். மனுஷனுக்குத் தலைகால் புரியாது. "உலகத்துல ஒருத்தியாவது என்னை மனசார பாஸ்னு கூப்பிடுறா, விடு லா" என்பார்.

மூன்றாவது சொல் எனக்கு வந்தது. அக்கா. கடைக்கு வருகிற அத்தனை பேரும் அப்படித்தானே கூப்பிடுகிறார்கள், அவள் மட்டும் என்ன செய்வாள்? பால் வேண்டுமென்றால் அக்கா, விழுந்தால் அக்கா, கனவு கண்டு அழுதால் அக்கா. எனக்குச் சிரிப்பும் வரும், சிரித்து முடிக்கவும் முடியாது.

மற்றபடி அவள் கூத்துக்கு அளவே இல்லை. அளவெடுக்கும் டேப்பைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு கடையைச் சுற்றி வருவாள். துணியில் குறி போடும் சாக்பீஸைத் தின்றுவிட்டு நீல நாக்கை நீட்டிக் காட்டுவாள். ரிமோட்டைக் காதில் வைத்து, "ம்ம்... ஆமா லா... அப்படியா?" என்று யாருடனோ ஊர்வம்பு பேசுவாள். பேசி முடித்துப் பெருமூச்சு விட்டு, "முருகா" என்று உட்காருவாள். நான் வேலையைப் போட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த வருடம் ரவிக்கைகள் தாமதமானதற்கு உண்மையான காரணம் இதுதான். வாடிக்கையாளர்களிடம் கரண்ட் போய்விட்டது என்று சொன்னேன்.

கிள்ளானிலிருந்து என் நாத்தனார் வந்திருந்தபோது, குழந்தை என்னை அக்கா என்று கூப்பிட்டதைக் கேட்டுவிட்டு, "பெத்த பிள்ளைன்னா தானா அம்மான்னு வரும் அண்ணி" என்றாள். நல்ல மனசோடு சொன்னாள். நல்ல மனசோடு சொல்கிறவர்களிடமிருந்துதான் தப்பிக்கவே முடியாது.

மறுநாளே பாடம் ஆரம்பித்தேன். பிஸ்கட்டைத் தூக்கிப் பிடித்து, "அம்மா சொல்லு" என்பேன். அவள் பிஸ்கட்டைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள். "அம்மா சொல்லு அக்கா" என்று முழுசாகத் திருப்பிச் சொல்லிவிட்டுப் பிஸ்கட்டைப் பிடுங்கிக்கொள்வாள்.

அவளுக்கு இரண்டு வயது தாண்டியபோது அதிகாரி வரும் நாளும் வந்தது. தமிழ்ப் பெண்தான், என் வயதிருக்கும். கடைவாசலில் அவர் செருப்பைக் கழற்றும்போதே நம்முடையவள் டேப் மாலையோடு போய் மறித்து நின்றாள். இடுப்பில் கை.

"நாளைக்கு வாங்க."

அதிகாரி சிரித்துவிட்டார். உள்ளே வந்து உட்கார்ந்து, குழந்தையைப் பக்கத்தில் இழுத்து, "அம்மா எங்க, காட்டு" என்றார். அவள் கடையைச் சுற்றும் முற்றும் பார்த்தாள். கதவுக்குப் பின்னால்கூடத் தேடினாள். பிறகு என்னிடம் வந்து, "அக்கா, அம்மா எங்க?" என்று கேட்டாள்.

அதிகாரி என்னவோ எழுதினார். நான் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தபோதா மஞ்சள் பட்டுக்கு ரவிக்கை கொடுத்திருந்த ஆன்டி உள்ளே நுழைய வேண்டும்? "எத்தன தடவ லா நடக்கிறது? கல்யாணம் முடிஞ்சி பேரனே பொறந்துருவான் போல" என்று பிடித்துக்கொண்டார். நியாயமான கோபம்தான். நான் தலையைக் குனிந்து நின்றேன்.

எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு சின்ன உருவம் வந்து நின்றது. ஆன்டியின் சேலையை இரண்டு கையாலும் தள்ளியது. "அக்காவ ஏசாத. அக்கா பாவம்" என்றது. சொல்லிவிட்டு என் காலைக் கட்டிக்கொண்டு, ஆன்டிக்குச் சரிசமமாக அழ ஆரம்பித்தது. ஆன்டியே கடைசியில் கைப்பையிலிருந்து மிட்டாய் எடுத்துக் கொடுத்துச் சமாதானம் செய்து, இன்னொரு வாரம் தவணையும் கொடுத்துவிட்டுப் போனார்.

அதிகாரி ஃபைலை மூடி எழுந்தார். "இன்னொரு தடவ வரணும். எப்ப வரட்டும்?"

"நாளைக்கு வாங்க" என்றேன், பழக்க தோஷத்தில். அழுதவளை இடுப்பில் தூக்கி வைத்திருந்தேன், அங்கிருந்து அதே நேரத்தில் இன்னொரு குரலும் "நாளைக்கு வாங்க" என்றது. அதிகாரி எங்களை மாறி மாறிப் பார்த்தார். "மூக்கு முழியெல்லாம் பார்க்கவே வேணாம். அப்படியே நீங்கதான்" என்றார்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவர் காரில் ஏறும்வரைகூட நான் பொறுக்கவில்லை, அழுதுவிட்டேன். பிள்ளைக்குப் பொய் சொல்லப் பழக்கியதற்காகப் பாராட்டு வாங்கிய தாய் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

உத்தரவும் கிடைத்தது. அப்புறம் பாலர் பள்ளியில் சேர்த்தோம். ஒருநாள் மத்தியானம் பையோடு வந்து, "அம்மா, தண்ணி" என்றாள். யாரைக் கூப்பிடுகிறாள் என்று நான் திரும்பி வாசலைப் பார்த்தேன். அன்றோடு அக்கா போயிற்று, பாஸும் போயிற்று. வீட்டுக்காரர் ஒரு வாரம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தார். எனக்கும் எதையோ ஜெயித்த மாதிரி இல்லை.

இப்போது என் கடை இருந்த இடத்தில் கைப்பேசி உறை விற்கிறார்கள். மகள் பெட்டாலிங் ஜெயாவில் கல்லூரிக்குப் போகிறாள். போனில் பேச வேண்டுமென்றால் அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறாள். ரிமோட்டில் பேசியபோது எல்லாவற்றையும் என்னால் ஒட்டுக்கேட்க முடிந்தது.

நேற்று ரசத்தைக் குடித்துவிட்டுக் கேட்டேன். "ஒரே ஒரு தடவ என்னை அக்கான்னு கூப்பிடேன்."

"ஐயோ, இங்கயா? எல்லாரும் பார்ப்பாங்கமா."

"அப்ப எப்ப?"

கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். "நாளைக்குமா."

அவளுடைய இடது கை தானாக இடுப்புக்குப் போயிருந்தது. அவளுக்கு ஒன்றும் நினைவில்லை. எனக்குத்தான் தெரியும், அந்தத் தொழிலில் இருந்தவள் நான், நாளைக்கு என்று சொன்னால் என்ன அர்த்தம் என்று.