பெயர் போடாத சட்டை

கொக்குவிலில் எங்கள் கழகத்துக்கு இரண்டு அணிகள். பெடியன்களுக்கு உதைபந்தாட்டம், பெண் பிள்ளைகளான எங்களுக்கு வலைப்பந்தாட்டம். மருதனார்மடச் சந்தியில் புடவைக்கடை வைத்திருந்த முதலாளி பெடியன்களுக்கு ஜேர்சி எடுத்துக் கொடுத்தார். சப்பாத்து, போட்டிக்குப் போக வான், ஆட்டம் முடிந்ததும் ஆளுக்கொரு சோடா, எல்லாம் அவர் செலவு. பதிலுக்கு அவர்கள் முதுகில் கடையின் பெயரைப் போட்டுக்கொண்டு ஓடினார்கள். நாங்கள் ஏழு பேரும் ஆளுக்கொரு நிறச் சட்டையில், வெறுங்காலோடு விளையாடினோம்.

ஒரு வருடம், ஒரே மாதிரிச் சட்டை இல்லாத அணியைச் சேர்க்கமாட்டோம் என்று சுற்றுப்போட்டிக்காரரிடமிருந்து கடிதம் வந்தது. அணித்தலைவி நான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பதால் மற்றவர்கள் என்னையே தள்ளிவிட்டார்கள். சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே கடைக்குப் போனேன்.

"பெடியளுக்குக் குடுத்த மாதிரி எங்களுக்கும் தாங்கோ முதலாளி. நாங்களும் உங்கடை கடைப் பேரைப் போடுறம்."

அவர் பதறிப்போனார். "பொம்பிளைப் பிள்ளையளின்ரை முதுகிலை என்ரை கடைப் பேரோ? றோட்டிலை போற வாறவன் எல்லாம் நிண்டு வாசிப்பான். உங்கடை கொப்பர்மார் என்னைச் சும்மா விடுவினமோ?"

"பெடியளின்ரை முதுகையும் வாசிக்கினம்தானே?"

"அவங்கள் பெடியள். அதோடை, நீங்கள் இண்டைக்கு விளையாடுவியள், நாளைக்குக் கலியாணம் கட்டிப் போயிடுவியள். பெடியள் எண்டால் நிப்பாங்கள்."

மனிதர் கல்நெஞ்சக்காரர் இல்லை. விலைபோகாமல் கிடந்த பச்சைத் துணியில் ஏழு சட்டைக்கு அளந்து கிழித்து, கடதாசியில் சுற்றித் தந்தார். "ஒருதருக்கும் சொல்லாதை பிள்ளை. தருமமெண்டு நினைச்சுத் தாறன்."

பெடியன்களுக்குக் கொடுத்தது விளம்பரம், எங்களுக்குத் தருமம். வாங்கும்போது எனக்கு முகம் சுட்டது. வீட்டில் வந்து பொரிந்து தள்ளினேன். "தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கிறதே?" என்று அம்மா வாயை அடைத்துவிட்டார். நான் பல்லைப் பிடித்துப் பார்க்கிற ரகம்தான். ஆனாலும் துணியைத் தைத்துப் போட்டுக்கொண்டோம்.

அந்தச் சுற்றுப்போட்டியில் பெடியன்கள் முதல் ஆட்டத்திலேயே தோற்றார்கள். நாங்கள் கோப்பையோடு வந்தோம். சில நாட்களுக்குப் பிறகு நூல் வாங்கக் கடைக்குப் போனால், முதலாளியின் மேசைக்கு மேலே சட்டம் போட்ட படம் ஒன்று தொங்கியது. கடைப் பெயர் போட்ட ஜேர்சியில் பதினொரு பெடியன்கள், நடுவில் முதலாளி. எங்கள் கோப்பை கழக அலுமாரியில் கரப்பான் பூச்சிக்குக் காவல் இருந்தது.

அடுத்த வருடம் போட்டி வருவதற்குள் பெடியன்களின் அணி கலைந்துபோயிற்று. சிலர் ஜெர்மனிக்கும் கனடாவுக்கும் போனார்கள். மூன்று பேர் வீட்டுக்குச் சொல்லாமல் சண்டைக்கென்று இயக்கத்துக்குப் போனார்கள். அதில் ஒருவன் முதலாளியின் மகன். எங்கள் ஏழு பேரில் ஒருத்திக்கும் கலியாணம் ஆகவில்லை. போன வருடத்துச் சட்டைகள் வெளிறிக் கிழிந்திருந்தன. மறுபடியும் கடைக்குப் போனேன்.

வழி முழுக்க ஒரு கேள்வியைக் கூராக்கிக்கொண்டே போனேன். பெடியள் நிப்பாங்கள் எண்டியளே, இப்ப ஆர் நிக்கினம்?

கடையில் ஆட்களில்லை. முதலாளி மெலிந்திருந்தார். நான் வாய் திறக்க முன்னரே துணியை எடுத்து அளக்கத் தொடங்கினார். இந்த முறை விலைபோகாத துணி இல்லை, நல்ல நீலம்.

"இந்த முறையாவது பேரைப் போடுவமோ?" என்று கேட்டேன்.

"வேண்டாம் பிள்ளை. பெடியள் திரும்பி வருவாங்கள். அதுவரைக்கும் பேர் அவங்களுக்கு இருக்கட்டும்."

சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. படத்தில் இடது பக்கம் ஓரமாக நின்ற மகனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூராக்கிய கேள்வி என் நாக்கு நுனியில் இருந்தது. அது நியாயமான கேள்வி, இன்றைக்கும் நியாயம்தான். கேட்காமல் துணியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். கேட்காமல் விட்டதற்காக என்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. கேட்டிருந்தாலும் இருந்திருக்கும்.