சம்மணமிட்டு வைத்த குறி

வேட்டைச் சாமான் கடையின் தரையில் என் மனைவி சம்மணமிட்டு இருந்த இருப்பு இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. குளிர்ச் சட்டைகளும் தூண்டில்களும் தொங்கிய இடத்துக்கு நடுவே, சப்பாத்தைக் கழற்றி ஒரு பக்கம் வைத்துவிட்டு, குண்டு போடாத வேட்டைத் துவக்கோடு இருந்தாள். எங்கள் சனம் எவராவது பார்த்துவிடுவார்களோ என்று நான் கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஊரில் சண்டை நடந்த காலத்தில் துவக்கைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு விலகி நடந்து, அப்படியே மொன்றியல் வரை வந்து சேர்ந்தவர்கள் நாங்கள். அவளோ அதற்கு ஒரு தாங்குகால் வாங்க வந்திருந்தாள்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. சென்ட் லோரன்ட்டில் மருந்துப் பெட்டி அடுக்கும் தொழிற்சாலையில் அவளுக்கு வேலை. எல்லோரும் மதாம் என்று அழைக்கும் அவளுடைய மேற்பார்வையாளர், கார்த்திகை பிறந்தால் மான் வேட்டைக்குப் போகிற பெண்மணி. ஒரு வருடம் அவர் தந்த இறைச்சியை இவள் வறுத்த கறித்தூள் போட்டுப் பிரட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். மதாம் விரலைச் சூப்பிவிட்டு, அடுத்த வருடம் நீயே வந்து சுடு என்றாராம். பகிடி என்றுதான் நினைத்தேன். இவள் பிரெஞ்சிலேயே வகுப்புக்குப் போய், சோதனை எழுதி, அனுமதிப் பத்திரத்தோடு வந்து நின்றாள். எட்டாம் வகுப்போடு நின்ற நான் இன்றும் பொன்ஜூர், மெர்சியோடு காலம் தள்ளுகிறேன்.

மதாமிடம் ஒரு கண்டிப்பு இருந்தது. நூறு மீற்றர் தூரத்தில் ஒரு சாப்பாட்டுத் தட்டின் அளவுக்குள் மூன்று வெடியும் விழவேண்டும். விழாவிட்டால் காட்டுக்கு இவள் வரலாம், துவக்கு வராது. இவளுக்கு அதைவிடப் பெரிய கண்டிப்பு. மாதாவின் படத்துக்கு முன்னால் அவள் சொன்னதை நான் கேட்டேன்.

"தாயே, காயத்தோட ஒரு சீவனை ஓடவிட்டன் எண்டால், பேந்து இந்தத் துவக்கைத் தொடமாட்டன்."

வெறுங்கையில் பிடித்தால் அவளுக்குக் குழல் ஆடியது. அதனால்தான் அந்தக் கடைக்குப் போனோம்.

கடைக்காரர் முதலில் பைபொட் எடுத்துவந்தார். குழலுக்குக் கீழே பூட்டுகிற இரட்டைக் கால். இதைவிட அசையாதது வேறு இல்லை என்றார். அவள் அங்கேயே குப்புறப் படுத்துப் பார்த்துவிட்டு எழும்பினாள்.

"படுத்தால் கல்லுப்போல நிக்குது. ஆனா மதாம் காட்டின இடத்தில புல்லு முழங்கால் மட்டுக்கு. நான் புல்லைத்தான் சுடவேணும்."

அடுத்து, நின்றுகொண்டு சுடுவதற்கான உயரமான கோல்கள். துவக்கின் பாரத்தைத் தாங்கின. ஆனால் அவள் மூச்சு விடும்போதெல்லாம் முனை ஏறி இறங்கியது.

"ரெண்டும் சரிவராது. வாரும், போவம்," என்றேன்.

"உங்களுக்கு வீட்டை போகத்தான் அவசரம்," என்றபடி சப்பாத்தைக் கழற்றினாள். மூலையில் கிடந்த, மேற்பக்கம் கத்தரிக்கோல் போலக் குறுக்காகப் பூட்டிய குட்டையான இரண்டு கோல்களை எடுத்து விரித்து, தரையில் சம்மணமிட்டாள். முழங்கை இரண்டும் முழங்காலில், துவக்கு கோலின் கவட்டில். சுவரில் மாட்டியிருந்த கடமான் தலையின் மூக்கில் குறியை வைத்தாள். கடைக்காரர் சிரித்தார். இது முக்காலியில் இருந்து சுடுகிறவர்களுக்கு, இப்படித் தரையில் இருந்தால் பத்து நிமிடத்தில் கால் செத்துப்போகும் என்று சொல்லிவிட்டு வேறு ஆட்களைக் கவனிக்கப் போனார். அரை மணித்தியாலம் போனது. அவள் அசையவில்லை.

"கால் விறைக்கேல்லையோ?" என்று கேட்டேன்.

"ஒவ்வொரு நாளும் செபமாலை முடியுமட்டும் இப்பிடித்தானே இருக்கிறன். சோபாவில சாய்ஞ்சு செபிக்கிற ஆக்களுக்குத்தான் விறைக்கும்."

சோபாவில் சாய்கிற ஆள் நான்தான். கடைக்காரர் திரும்பி வந்தபோது குறி வைத்த மூக்கிலேயே இருந்தது. அவர் சிரிக்கவில்லை. கோலை வாங்கிப் பையில் போட்டுத் தந்தார்.

அடுத்த சனிக்கிழமை சூட்டுப் பயிற்சித் திடலில் மூன்று வெடி. குறிக் கடதாசியில் விழுந்த மூன்று ஓட்டையையும் என் உள்ளங்கையால் மூடினேன். மதாம் அந்தக் கடதாசியை மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

வேட்டைக்கு நான் போகவில்லை. வீட்டில் தொலைபேசிக்குப் பக்கத்தில் இருந்தேன். முதல் நாள் பின்னேரம் அழைத்தாள். "ஒண்டு வந்தது. நெஞ்சுப் பக்கம் காட்டேல்லை, சுட்டால் காயத்தோட ஓடியிருக்கும். விட்டிட்டன்." எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அதைச் சொல்லத் தெரியாமல் சாப்பிட்டீரோ என்று கேட்டேன். மறுநாள் மத்தியானம், சுட்ட மானை அரசாங்கக் கணக்கில் பதிகிற இடத்திலிருந்து மறுபடி அழைத்தாள். மான் பெரிதா சிறிதா என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

"எத்தினை வெடி?" என்றேன்.

"ஒண்டு. நிண்ட இடத்திலயே விழுந்திட்டுது."

மாதாவுக்குத் தோத்திரம் என்று நான்தான் முதலில் சொன்னேன்.

இத்தனை வருடம் கழித்தும் பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போது யாராவது பகிடியாகக் கேட்பார்கள். "அண்ணை, உங்கட மனுசி சுட்ட மான் எவ்வளவு பெரிசு?"

"ஒரு வெடி, தம்பி," என்பேன்.

கேட்டவர் விளங்காமல் முழிப்பார். அவள் என் கையைப் பிடித்து இழுப்பாள். "போதும் வாங்கோ, பஸ் வரப்போகுது."