சங்கு ஊதிய திங்கட்கிழமை

என் பெரியம்மா தனலெட்சுமியை யாரும் எழுப்பிப் பார்த்ததில்லை. தேயிலை ஆலையை எங்கள் பக்கத்தில் ஸ்டோர் என்போம். விடியலில் ஸ்டோர்ச் சங்கு ஊதும்போது பெரியம்மா கொழுந்து பறிக்கும்போது கட்டும் படங்குச் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் வாசலில் நின்றிருப்பார். பெரட்டுக்களத்துக்குப் போகிற வழியில் ஒவ்வொரு கதவையும் விரல் முட்டியால் தட்டி, "நேரமாச்சு" என்று சொல்லிக்கொண்டே போவார். பெரட்டில் நின்று பேர் கொடுத்தால்தான் அன்றைக்குச் சம்பளம். பிந்தினால் கணக்கப்பிள்ளை திருப்பி அனுப்பிவிடுவார். அப்படித் திரும்பி வந்த பெண்களில் பெரியம்மா ஒருநாளும் இருந்ததில்லை.

பெரியப்பா இறந்த மறுநாள், பிரேதத்தின் தலைமாட்டில் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்திருந்தவர், சங்குச் சத்தம் கேட்டதும் எழுந்து கூடையைத் தேடினாராம். பக்கத்தில் இருந்தவர்கள் கையைப் பிடித்து உட்காரவைத்தார்களாம். காரியமெல்லாம் முடிந்தபின் லயத்தில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். பெரியம்மாவும் சிரித்தார். பல்கலைக்கழக விடுதியில் நானும் இந்தக் கதையைச் சொல்லித் தோழிகளைச் சிரிக்கவைத்திருக்கிறேன். இப்போது சொல்வதில்லை.

எங்கள் தோட்டம் பண்டாரவளையிலிருந்து பூனாகலைப் பக்கம் ஏறுகிற பாதையில் இருக்கிறது. அங்கே சங்கத்தின் தோட்டத் தலைவராக வந்த முதல் பெண் நிரஞ்சலா. அவரும் கொழுந்து பறிக்கிறவர்தான். பெரியம்மாவைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர், அதே லயத்தில் கடைசி வீட்டில் இருப்பவர். ஒரு நாள் பேருக்குப் பறிக்க வேண்டிய கொழுந்தின் அளவை நிர்வாகம் கூட்டியது. எட்டாதவர்களுக்கு அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். மழைக்காலத்தில் யாருக்கும் எட்டவில்லை. நிரஞ்சலா வேலைநிறுத்தம் என்றார். பெண்கள் எல்லோரும் கூடையைக் கவிழ்த்து வைத்தார்கள். பெரியம்மாவும் கவிழ்த்து வைத்தார். அன்றிலிருந்து சங்கும் ஊதவில்லை.

அடுத்த கிழமை கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் வாக்குவாதம் முற்றியபோது, ஈரத் தரையில் உதவி மேனேஜரான சின்னத்தொரை வழுக்கி விழுந்துவிட்டார். நிரஞ்சலா தள்ளிவிட்டார் என்று பொலிஸில் முறைப்பாடு கொடுத்தார்கள். ஜீப் லயத்துக்கு வந்தது. அதற்குள் நிரஞ்சலா தேயிலைக்குள் இறங்கிவிட்டார்.

சிங்களமும் ஆங்கிலமும் பேசத் தெரிந்தவள் என்று என்னைப் பண்டாரவளைக்கு வக்கீலிடம் அனுப்பினார்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆகிவிட்டது. திங்கட்கிழமை காலையில் நிரஞ்சலா தன்னோடு வந்து தானாகவே நீதிமன்றத்தில் ஆஜரானால் அன்றைக்கே பிணை எடுத்துத் தரலாம் என்றார் வக்கீல். அதற்கு முன்னால் பொலிஸ் பிடித்துவிட்டால் உள்ளே வைத்துவிடுவார்கள் என்றும் சொன்னார். தலைவி உள்ளே போனால் வேலைநிறுத்தம் நிலைக்காது. அது எங்களுக்கும் தெரியும், நிர்வாகத்துக்கும் தெரியும்.

திங்கட்கிழமைவரை ஒளிய ஓர் இடம் வேண்டியிருந்தது. மேல் லயம் காலியாகக் கிடந்தது. போன வருஷத்து மழையில் மலைச்சரிவில் வெடிப்பு விழுந்து, அதிகாரிகள் வந்து சுவரில் சிவப்புக் குறி போட்டு எல்லோரையும் கீழே இறக்கிவிட்டிருந்தார்கள். பெரியம்மா கல்யாணமாகி வந்து பிள்ளை பெற்ற வீடு அங்கேதான் இருந்தது. கதவு மட்டும் இன்னும் சரியாகச் சாத்தும். நிரஞ்சலா அந்த வீட்டில் படுப்பது, பெரியம்மா வெளியே காவல் இருப்பது என்று முடிவானது. ஏன் பெரியம்மா என்று யாரும் கேட்கவில்லை. சங்குக்கு முந்தி எழும்புகிறவர், அவர் தூங்கிப்போவார் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஆள் மாற்றி ஆள் மேலே ஏறினால் கண்ணில் படும் என்பதால் அவர் ஒருவரே இருக்கட்டும் என்றார்கள்.

சனிக்கிழமை மாலை நிரஞ்சலா வந்து சேர்ந்தபோது காலெல்லாம் அட்டை கடித்த இரத்தம். தண்ணீர் வடியும் கான் ஓரத்திலும் கித்துல் மரத்தடியிலும் ஒதுங்கி ஒதுங்கி வந்திருக்கிறார். பெரியம்மா கொண்டுபோயிருந்த ரொட்டியைப் பாதி தின்னும்போதே கண் சொருகிவிட்டதாம். ஆனால் தூக்கம் நிலைக்கவில்லை. கூரைத் தகரம் அசைந்தாலும் எழுந்து உட்கார்ந்தாராம். பெரியம்மா வாசற்படியில் சாக்கை விரித்து, கீழ்ப் பாதையைப் பார்த்தபடி இருந்தார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அப்படியே. அன்று பேசியதைப் பெரியம்மா பிறகு என்னிடம் சொன்னார்.

"நீங்களும் ஒரு பொட்டுத் தூங்கலியேக்கா."

"எனக்கென்ன. சங்குக்கு முந்தி தன்னால முழிச்சுக்குவேன்."

"சங்குதான் ஊதுறதில்லியே இப்ப."

"ஊதாட்டியும் முழிக்கிறேனே. அது நின்னது காதுக்குத் தெரியுது, ஒடம்புக்குத் தெரியல."

நிரஞ்சலா அதற்குச் சிரித்தாராம். சிரித்தபடியே தூங்கிவிட்டாராம். வந்ததிலிருந்து அதுதான் அவர் நன்றாகத் தூங்கிய தூக்கம்.

திங்கட்கிழமை அவரை அழைத்துப் போக அலவி நானா ஒத்துக்கொண்டிருந்தார். பண்டாரவளையில் மளிகைக் கடை வைத்திருப்பவர்; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம். தோட்டத்துக் கடைக்குச் சாமான் ஏற்றிவருகிற வான் என்பதால் யாரும் மறிக்க மாட்டார்கள். விடிந்ததும் மேல் லயத்துக்குப் பின்பக்க றோட்டில் வான் நிற்கும், பெரியம்மா எழுப்பிக் கூட்டிவர வேண்டும் என்பது ஏற்பாடு. நான் வானில் முன்னால் உட்கார்ந்திருந்தேன். நானா வழியெல்லாம் என் பயத்தைக் குறைக்கப் பார்த்தார்.

"கோதும மா மூட்டைக்கு நடுவுல வெச்சுக் கொண்டு போறன் தலைவிய. கோட்டுல இறங்கக்குள்ள நீதவானே யாரு இந்த வெள்ளக்காரின்னு கேப்பாரு."

பனி மூடியிருந்தது. வளைவு ஏறும்போது சங்கு கேட்டது. நானா பிரேக்கில் கால் வைத்தார். "வேல தொடங்கிட்டாங்களா?" என்று என்னைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. யாராவது வந்து பேர் கொடுக்கிறார்களா பார்ப்போம் என்று நிர்வாகம் அன்று ஊதிப் பார்த்திருக்கிறது. முந்தின நாள்வரை அப்படி ஒரு பேச்சே இல்லை.

அந்த நேரத்தில் மேலே நடந்ததை இனிச் சொல்ல வேண்டும். இரண்டு இரவுகள் கண் மூடாமல் இருந்த பெரியம்மா, வானம் வெளுத்தபோது கதவு நிலையில் தலை சாய்த்திருக்கிறார். சாய்த்தது மட்டும் நினைவிருக்கிறது. அடுத்து நினைவிருப்பது பெரட்டுக்களம். இடுப்பில் படங்குச் சாக்கு. விரித்து உட்கார்ந்திருந்த அதே சாக்கு. எதிரே கணக்கப்பிள்ளை. கொஞ்சம் தள்ளிச் சின்னத்தொரையும், கலவரம் வந்தால் பார்த்துக்கொள்ள வரவழைத்திருந்த இரண்டு பொலிஸ்காரரும். களத்தில் வேறு ஒரு தொழிலாளியும் இல்லை. லயத்து வாசல்களிலிருந்து பெண்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"வாங்க தனலெட்சுமி, ஒங்களுக்காகத்தான் ஊதுனோம்" என்றாராம் கணக்கப்பிள்ளை.

பெரியம்மா பேர் கொடுத்தார். முப்பது வருஷத்துக்கு மேலாகச் சொன்ன பெயரும் நம்பரும் தானாகவே வாயில் வந்துவிட்டன. சொல்லி முடித்த பிறகுதான் முழுக்க விழிப்பு வந்தது என்கிறார். அப்போதும் ஒன்றும் கெட்டுப்போயிருக்காது. வெட்கத்தோடு போயிருக்கும். ஆனால் ஒரு பொலிஸ்காரர் பாதையைப் பார்த்துவிட்டார். எல்லா வீடுகளும் களத்துக்குக் கீழே இருக்க, இந்த அம்மா மேலேயிருந்து இறங்கி வந்தது ஏன் என்று சிங்களத்தில் கேட்டார். பெரியம்மா திரும்பி மேல் லயத்தைப் பார்த்தார். அந்தப் பார்வை போதுமாக இருந்தது.

நாங்கள் பின்பக்க றோட்டில் காத்துக்கொண்டிருந்தோம். யாரும் வரவில்லை. பிறகு அதே றோட்டில் ஜீப் வந்தது. பின்சீட்டில் நிரஞ்சலா. தலைமுடி அவிழ்ந்து, ஒரு கன்னத்தில் பாயின் வரிகள் பதிந்திருந்தன. என்னைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார். நானா இஞ்சினை நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்தார்.

வக்கீல் அன்று எவ்வளவோ பேசியும் பிணை கிடைக்கவில்லை. இரண்டு கிழமை விளக்கமறியல் என்று பதுளைச் சிறைக்கு அனுப்பிவிட்டார்கள்.

லயத்தில் பெரியம்மாவை யாரும் அடிக்கவில்லை. அவருடைய வாளியைப் பைப்படியிலிருந்து எடுத்துத் தூர வைத்தார்கள், அவ்வளவுதான். தொரை எவ்வளவு குடுத்தாரு என்று அவர் காதுபடவே ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். சின்னப்பிள்ளைகள் அவரைக் கண்டால் வாயில் கை குவித்துச் சங்கு ஊதினார்கள். பெரியம்மா மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. தூக்கக் கலக்கம் என்று சொன்னால் என்ன என்று கேட்டேன்.

"சொன்னா நம்பிருவாங்க புள்ள. அதுதான் பயமா இருக்கு. காட்டிக் குடுத்தான்னா மனுசின்னு அர்த்தம். சங்கு ஊதுனதும் எந்திரிச்சுப் போனான்னா என்ன அர்த்தம்?"

சமூகவியலில் பட்டம் வாங்கியிருக்கிறேன். உழைப்பைப் பற்றியும் பழக்கத்தைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். அதில் எந்தச் சொல்லையும் அந்த அடுப்படியில் உட்கார்ந்து அவரிடம் சொல்ல முடியும் என்று தோன்றவில்லை. அவருடைய சங்குக் கதையைச் சொல்லி விடுதியில் கேட்ட சிரிப்புச் சத்தம்தான் ஞாபகம் வந்தது.

நிரஞ்சலா திரும்பி வந்த நாளில் கோயிலடியில் மாலை போட்டார்கள். வேலைநிறுத்தம் எப்படியோ தாக்குப்பிடித்திருந்தது. தலைவியைப் பிடித்துக்கொண்டு போன கோபமே பெண்களை வீட்டுக்குள் இருத்தியது. கூட்டத்தில் யாரோ எழுந்து, காட்டிக்கொடுத்தவளுக்கு என்ன தண்டனை என்று கேட்டார்கள். பெரியம்மா பின்னால் மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார்.

"அத விடுங்க. நான்தான் வந்துட்டேன்ல" என்றார் நிரஞ்சலா.

எல்லோரும் அவருடைய பெரிய மனதைப் பாராட்டினார்கள். அன்றோடு பெரியம்மா காட்டிக்கொடுத்தவர் என்பது உறுதியாகிவிட்டது.

அன்று பொழுது சாயும்போது நிரஞ்சலா எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் உள்ளே அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தேன். இடையில் ஒரு சீலைத் தட்டிதான். பெரியம்மா பலகையை இழுத்துப் போட்டார். நிரஞ்சலா உட்காரவில்லை.

"அக்கா, அன்னைக்கு நீங்க கதவத் தட்டுனீங்க."

"தட்டுனேனா?"

"நேரமாச்சுன்னும் சொன்னீங்க. எனக்குக் கேட்டுச்சு. பெரட்டுக்குத்தான்னு நெனச்சேன். ஸ்ட்ரைக்குல யாரு போறான்னு திரும்பிப் படுத்துட்டேன்."

ஊதுகுழலைக் கையில் பிடித்தபடி நான் அப்படியே இருந்தேன்.

"அப்ப நான் எழுப்பிட்டுத்தான் போயிருக்கேன்" என்றார் பெரியம்மா.

"ஆமாங்க்கா."

"இத கோயிலடியில சொல்லியிருக்கலாமே."

"பொலிஸ் தேடயில தட்டியும் எந்திரிக்காதவன்னு ஆயிரும்க்கா. இன்னும் பேச்சுவார்த்த முடியல. முடிஞ்சதும் கூட்டத்துல நானே சொல்றேன்."

பேச்சுவார்த்தை முடிந்தது. கூட்டின அளவில் பாதியைக் குறைத்தார்கள். அரைப்பேர் போடுவதை நிறுத்தினார்கள். கூட்டமும் நடந்தது. பெரியம்மா நல்ல சேலை உடுத்திக்கொண்டு போனார். நிரஞ்சலா தண்ணீர்க் குழாயைப் பற்றிப் பேசினார். மேல் லயத்துக்காரர்களுக்கு வீடு கட்டக் காணி கேட்பதைப் பற்றிப் பேசினார். நன்றாகத்தான் பேசினார். ஓரிடத்தில் பின்வரிசையைப் பார்த்தபடி நிறுத்தினார். தண்ணீர் குடித்தார். பிறகு காணியைப் பற்றியே தொடர்ந்தார். வீடு திரும்பும்போது, நான் சொல்லட்டுமா என்று பெரியம்மாவிடம் கேட்டேன்.

"நீ சொன்னா பெரியம்மாவுக்குப் பரிஞ்சு பேசுறேன்னுவாங்க. அவதான் சொல்லணும்."

நிரஞ்சலாமேல் எனக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். நாள்கணக்கில் தேயிலைக்குள்ளும் கானிலும் கிடந்த உடம்பு, ஒரு கதவுத் தட்டலுக்கு எழவில்லை என்பதைச் சொல்ல அத்தனை பேர் முன்னால் என் வாயும் திறந்திருக்குமா?

மறுநாள் சங்கு ஊதியது. பெரியம்மா படங்கைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். முன்போல ஒவ்வொரு கதவாகத் தட்டவில்லை. எங்கள் வீட்டிலிருந்து கடைசி வீடுவரை எல்லாக் கதவுகளையும் தாண்டி நடந்துபோய், நிரஞ்சலாவின் கதவை மட்டும் தட்டினார்.

"நேரமாச்சு தலைவி."

உள்ளேயிருந்து "வர்றேன்க்கா" என்று குரல் வந்தது. பெரியம்மா நகரவில்லை. கதவு திறந்து, நிரஞ்சலா வெளியே வந்து, அவர் முகத்தைப் பார்க்கும்வரை அங்கேயே நின்றார். அதன் பிறகுதான் பெரட்டுக்கு நடந்தார்.

அன்றிலிருந்து தினமும் இப்படித்தான். செய்த பாவத்துக்குத் தலைவி காலில் விழுந்து கிடக்கிறாள் என்று லயத்தில் பேசிக்கொள்கிறார்கள். அப்படியே நினைக்கட்டும் என்று பெரியம்மா விட்டுவிட்டார். நிரஞ்சலா ஒருநாள்கூட, தட்ட வேண்டாம் என்று சொல்லவில்லை. இப்போதெல்லாம் சங்கு ஊதுவதற்கு முன்பே அந்தக் கடைசி வீட்டில் விளக்கு எரிகிறது. இருந்தும் கதவு திறப்பதில்லை. தட்டுகிறவரை உள்ளே காத்திருக்கிறார்.